பாலத்துக்கு முன்னால் பதினேழு

போன மாதம் எங்கள் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பிள்ளைகள் காலையில் தனித்தனியாக வருவதை நிறுத்திவிட்டு, லயத்துக்கு, அதாவது ஒரு வீட்டு வரிசைக்கு, ஒரு கூட்டமாக, பெரியவர் ஒருவர் உடன்வர, சேர்ந்து நடந்துவர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மேல் மலையில் சிறுத்தையைக் கண்டதாகப் பேச்சு இருக்கிறது. முச்சக்கர வண்டிகள் வளைவுகளில் வேகமாகத் திரும்புகின்றன. பட்டியலை யார் எழுதுவது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதையும் ஒழுங்காக எழுதி வைக்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டுக்கு வந்து தாளில் கோடு போட்டு மூன்று பத்திகள் பிரித்தேன்: பிள்ளையின் பெயர், வீடு, உடன்போகும் பெரியவரின் முறை நாள். பன்னிரண்டாவது வரியில் இருந்த பிள்ளைக்கு மூன்றாவது பத்தியில் எழுத யாரும் இல்லை. அந்த வரியில் பேனா நின்றுவிட்டது.

இப்படியொரு பட்டியலை நான் முதன்முதலில் எழுதியபோது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் லிந்துலைக்கு மேலே இருந்தது. நாங்கள் குடியிருந்தது மேல் டிவிசனில். பாடசாலை கீழ் டிவிசனில், தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி. வண்டிப் பாதை சுற்றிக்கொண்டு போகும் என்பதால் பிள்ளைகள் எல்லோரும் தேயிலைக்குள் இறங்கும் நடைபாதையில்தான் போவோம். முக்கால் மணி நேர நடை. பாதி வழியில் ஓர் ஆறு. வெயில் காலத்தில் அதைக் கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிடலாம். தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் அதன் இரைச்சல் லயம் வரைக்கும் கேட்கும். ஆற்றின் குறுக்கே இரண்டு மரங்களைப் போட்டு, மேலே பலகை அடித்து, ஒரு பக்கம் மட்டும் கம்பி கட்டியிருந்தார்கள். அதைத்தான் பாலம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த வருட மழையின் முதல் கிழமையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தப் பலகையில் வழுக்கி விழுந்தாள். கீழே நீட்டிக்கொண்டிருந்த பாறை ஒன்று அவளைத் தடுத்து நிறுத்தியது. கை முறிந்ததோடு தப்பினாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அன்றிலிருந்து எங்கள் லயத்துத் தாய்மார் கொழுந்து எடுக்கும்போது ஆற்றுச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் கூடிப் பேசினார்கள். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒரு சலுகை கொடுத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரு பெண் மட்டும் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் நிற்காமல் பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு, எட்டரைக்குள் கொழுந்து எடுக்கும் மலைக்கு வந்து சேர்ந்தால் போதும். அதனால் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் முறை வைத்துப் போவது என்று ஆயிற்று. முறை கொடுக்கும் வீட்டுப் பிள்ளைக்குத்தான் வரிசையில் இடம் என்று பெரியம்மா சொன்னார். பெரியம்மா என் அம்மாவின் அக்கா. எங்கள் லயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எனக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது. கொப்பியில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தது நான்தான்.

லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், குடியிருந்தவர் தொழிற்சாலையின் இரவுக் காவல் வாச்சர். அவருடைய மனைவி இரண்டு வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். வீட்டில் அவரும் எட்டு வயது மகளும் மட்டும்தான். அவர் வேலைக்குப் போகும் இரவுகளில் அந்தப் பிள்ளை பக்கத்துக் காம்பராவில் படுத்துக்கொள்வாள். வாச்சர் மாமா கூட்டத்தின் ஓரத்தில் நின்று, தனக்குக் காலை ஆறு மணிக்கு வேலை முடிந்துவிடும் என்றும், தன் வீட்டு முறைக்குத் தானே வருவதாகவும் சொன்னார்.

பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராத்திரி பூரா ஸ்டோருல கொட்டாவி விட்டுட்டு வந்து, எங்க புள்ளைங்கள நேரா ஆத்துக்குள்ள எறக்கிருவீங்க தம்பி."

பெண்கள் சிரித்தார்கள். தூக்கத்திலேயே நடக்கிறவர், பலகை எது தண்ணீர் எது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரோ கூடச் சேர்ந்துகொண்டார்கள். பிறகு பெரியம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, வயதுப் பெண்பிள்ளைகளும் வருகிற கூட்டத்தில் ஆம்பளையைத் துணைக்கு அனுப்பிவிட்டு எங்களால் நிம்மதியாக மலையில் நிற்க முடியாது என்று சொன்னார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. வாச்சர் மாமா "சரிங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதினேழாவது பெயருக்குக் கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தேன்.

என்னைச் சேர்க்காமல் பதினேழு பேர். முறைக்காரப் பெண் முன்னால் போவார், அவருக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள், பிறகு பெரிய பிள்ளைகள், கடைசியில் நான். மூன்று இடங்களில் எண்ண வேண்டும்: புறப்படும் பெரட்டுக் களத்தில், பாலத்துக்கு முன்னால், பாடசாலை வாசலில். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி, முடிந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்வேன். பாலத்தில் யாரும் பேசக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். பிள்ளைகள் எனக்குக் கங்காணி என்று பட்டம் வைத்திருந்தார்கள். "கங்காணி வருது, தலையக் குடு" என்பார்கள். கோபப்படுவது போலக் காட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

முதலிரண்டு நாள் வாச்சர் மாமா தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வரிசைக்கு ஒட்டியே வந்தார். வரிசையில் சேர்ந்தது போலத் தெரிகிறது, கொஞ்சம் தள்ளி வாங்க என்று பெரியம்மா சொன்ன பிறகு அவர்கள் ஒரு வளைவு தள்ளி வரத் தொடங்கினார்கள். கடைசியில் நடந்த எனக்கு மட்டும் அவர்கள் வருவது தெரியும். மழை பெய்யாத காலைகளில் அவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டே வருவதும், நடுநடுவே அந்தப் பிள்ளை சிரிப்பதும் கேட்கும். என்ன பேசினார்கள் என்று நான் கவனித்ததில்லை. எண்ணுவதற்கு எனக்கு முன்னால் பதினேழு பேர் இருந்தார்கள்.

மூன்றாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. அன்று மழை தூறலாகக் குறைந்து, அதற்குப் பதில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முறை பெரியம்மாவுடையது. எல்லோரும் வெள்ளை உரப்பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தோம். அது முழங்கால் வரை தொங்கும். பின்னாலிருந்து பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியாது. பெரட்டுக் களத்தில் எண்ணினேன். பதினேழு. அதில் என் தம்பியும் ஒருவன். ஆறு வயது, முதலாம் வகுப்பு. அன்று பாடசாலைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவனை அம்மா பெரியம்மாவின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, "கீழ பாத்து நட" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் பெரட்டு வரிசைக்குப் போனார்.

பாதி வழியில், ஆற்றுக்கு இறங்கும் சரிவுக்கு முன்னால், வரிசையின் நடுவில் இரண்டு ஏழாம் வகுப்புப் பையன்கள் ஒருவரையொருவர் தள்ளி விளையாடினார்கள். கடைசியில் நடப்பவள் கடைசியில்தான் நடக்க வேண்டும். ஆனால் ஒழுங்கு கெடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. முன்னால் ஓடிப்போய் இருவரையும் பிரித்து நிறுத்தி, பெயரைக் கொப்பியில் எழுதிவிடுவேன் என்று மிரட்டினேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கலாம்; ஐந்தும் ஆகியிருக்கலாம். இன்றுவரை எனக்குத் துல்லியமாகத் தெரியாத கணக்கு அது ஒன்றுதான்.

பாலத்துக்கு முன்னால் நின்றோம். தண்ணீர் பலகைக்கு ஒரு முழம் கீழே ஓடியது. அந்த இரைச்சலில் பெரியம்மா சொல்வது வாயசைவாகத்தான் தெரிந்தது. நான் முன்னாலிருந்து பின்னால் தலைகளைத் தொட்டுக்கொண்டு வந்தேன். நனைந்த பைகள் கையில் சில்லென்று பட்டன. பதினைந்து, பதினாறு. கடைசியாக ஒரு பை அவசரமாக வந்து ஒட்டி நின்றது. அதையும் தொட்டேன். பதினேழு. கையைத் தூக்கி "பதினேழு" என்று கத்தினேன். பெரியம்மா முதல் பிள்ளையைப் பலகையில் ஏற்றினார்.

எனக்கு முன்னால் நின்ற அந்தப் பை திரும்பி என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அக்கா, தம்பி வந்து..."

"பாலத்துல பேசக் கூடாது" என்று சொல்லி, தோளைப் பிடித்து முன்னால் திருப்பிவிட்டேன். பைக்குள் இருந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

பாடசாலை வாசலில் மறுபடி பதினேழு. கொப்பியில் மூன்று இடங்களுக்கு நேரேயும் சரி போட்டேன். பெரியம்மா வந்த வழியே திரும்பினார். காலைக் கும்பிடு முடிந்து, வகுப்பில் உட்கார்ந்து, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது முதலாம் வகுப்பு டீச்சர் வாசலில் வந்து நின்றார். உன் தம்பிக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லையா என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கொப்பியை எடுத்து அவரிடம் காட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மூன்று சரிகளும் அழகாக, ஒரே அளவில் இருந்தன.

பாடசாலை அதிபர் இரண்டு பெரிய பையன்களை மேல் டிவிசனுக்கு ஓடச் சொன்னார். ஆற்றங்கரையைப் பார்த்துக்கொண்டே போங்கள் என்று அவர் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு எங்கள் கூட்டத்துப் பிள்ளைகள் எல்லோரையும் விறாந்தையில் நிறுத்தி அவரே எண்ணினார். பதினாறு. "நீ எத்தன எண்ணினாய்?" என்றார். மூன்று தடவையும் பதினேழு என்றேன். மறுபடி எண்ணினார். பதினாறு. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பலகைக்கு ஒரு முழம் கீழே ஓடிய தண்ணீர் என் கண்ணை விட்டு அகலவில்லை. அந்தத் தண்ணீரின் நிறம் பால் ஊற்றிய தேத்தண்ணீர் போல இருந்தது என்று தேவையில்லாத நேரத்தில் தோன்றியது.

அப்போது மூன்றாம் வகுப்பின் வாசலில் கடைசிக் காம்பராப் பிள்ளை வந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. ஈரமான உரப்பையை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"இவங்க தம்பிய அப்பா தூக்கிட்டுப் போனாருங்க சேர்" என்றாள்.

முதலாம் வகுப்பு டீச்சரின் கை வாய்க்குப் போனது. எங்கே தூக்கிக்கொண்டு போனார், எதற்கு என்று அதிபர் கேட்ட கேள்விகளுக்கு அந்தப் பிள்ளை தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னாள். பாதையோரத்தில் தேயிலைக்குள் மழைத் தண்ணீர் ஓடும் கானில் தம்பி உட்கார்ந்திருந்தானாம். கால் வீங்கியிருந்ததாம். நீ ஓடிப்போய் முன்னால் போகிறவர்களிடம் சொல்லு, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறேன் என்று அப்பா அனுப்பினாராம்.

"அப்ப ஏன் சொல்லல?" என்றார் அதிபர்.

"சொன்னேனுங்க சேர். இந்த அக்காகிட்ட."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாலத்துக்கு முன்னால் என் சட்டையைப் பிடித்து இழுத்த கை எது என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

"இல்ல சேர். என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

சொல்லி முடிக்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றுதான் எனக்குள்ளே கணக்குப் போட்டேன். சரியாகப் பார்த்தால் அவள் சொன்னது மூன்று வார்த்தைகள். அதில் செய்தி எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை பையை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

ஓடிப்போன பையன்கள் திரும்பி வரவில்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, அதிபர் என்னையும் அந்தப் பிள்ளையையும் ஒரு ஆசிரியருடன் மேல் டிவிசனுக்கு அனுப்பினார். தம்பி ஆற்றில் இல்லை என்பது தெரிந்திருந்தது. ஆனாலும் டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டதை நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் பெரியவர்கள் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று புரியவில்லை. ஆனால் அந்தப் பார்வையின் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பாலத்தைத் தாண்டியதும், கரையில், கொழுந்துக் கூடைகள் நாலைந்து கவிழ்ந்து கிடந்தன. பெண்கள் போட்டுவிட்டு ஓடிய கூடைகள். அதில் அம்மாவுடையது எது என்று பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

நடந்தது இதுதான் என்று பிறகு கோத்துப் பார்த்துக்கொண்டோம். தம்பியின் காலுறைக்குள் அட்டை ஏறிவிட்டது. அட்டைக்கு அழுதால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று வரிசையை விட்டு விலகி, செடிக்குப் பின்னால் போய், அதைப் பிடுங்கப் பார்த்திருக்கிறான். கானுக்குள் கால் வழுக்கிப் புரண்டுவிட்டது. சத்தம் போடாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நான் முன்னால் நின்று பையன்களை மிரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பின்னால் வந்த வாச்சர் மாமா அவனைக் கண்டு, மகளை எங்களிடம் அனுப்பிவிட்டு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறி, பிள்ளைக் காம்பராவில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவிடம் ஒப்படைத்திருக்கிறார். செய்தி வரிசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் தன் காம்பராவுக்குப் போய்ப் படுத்துவிட்டார். குறுக்குப் பாதையில் போனதால் திரும்பி வந்த பெரியம்மாவின் கண்ணில் அவர் படவில்லை. ஆயம்மாவிடம் மலைக்கு அனுப்ப வேறு ஆளில்லை. அதற்குள் பாடசாலைப் பையன்கள் நேரே மலைக்கு ஓடிவந்து, தம்பியைக் காணவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா முக்கால் மணி நேரம் ஆற்றங்கரையில், கற்களுக்கு நடுவே, முழங்கால் தண்ணீரில் இறங்கித் தேடியிருக்கிறார். கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக் காம்பராவுக்குப் போன ஒரு பெண் தம்பியைப் பார்த்துக் கூச்சல் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தம்பி காலில் எண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டு பிள்ளைக் காம்பராவில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். கூட்டம் அங்கே இல்லை. கூட்டம் கடைசிக் காம்பரா வாசலில் நின்றது. தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்துவரப்பட்ட வாச்சர் மாமா நடுவில் நின்றார். சட்டையின் மேல் பொத்தான் அறுந்து தொங்கியது. யாரோ பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். பெரியம்மாவின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. தன் கையில் பிடித்துக் கொடுத்த பிள்ளையைத் தவறவிட்டதும், அது தெரியாமல் வீட்டுக்குத் திரும்பியதும் அவரைப் பெரிதாகக் கத்தவைத்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

"புள்ளைய எடுத்த மனுசன் எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்ல வேணாமா? தாய்க்காரி ஆத்துல எறங்கி நிக்கிறா, நீங்க போத்திட்டுப் படுத்திருக்கீங்க."

அவர் மகளைப் பார்த்தார். "பாப்பாகிட்ட சொல்லி அனுப்புனேங்க அக்கா."

அம்மா வந்தார். இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தார். தம்பியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே என்னிடம் வந்து, என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் புள்ள ஒன்கிட்ட சொன்னாளா?"

பாடசாலையில் சொன்னதை மாற்றுவதற்கு அதுதான் இடம். அம்மாவின் பாவாடையிலிருந்து தண்ணீர் என் சப்பாத்தில் சொட்டியது. சொன்னாள் என்றால், நான் கேட்கவில்லை என்றாகும். கேட்கவில்லை என்றால், நான் கடைசியில் நிற்கவில்லை என்பதும் வரும். பதினேழு என்று மூன்று தடவை கத்தியதும் வரும். அம்மா முக்கால் மணி நேரம் தண்ணீரில் நின்றது என்னால்தான் என்று வந்து முடியும்.

"இல்லம்மா" என்றேன்.

வாச்சர் மாமா என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்க்கவில்லை. பிறகு தன் மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு, "சின்னப் புள்ளதானே, பயத்துல மறந்திருக்கும். நானே வந்து சொல்லியிருக்கணும். என் தப்புதாங்க" என்றார். அதற்கு மேல் திட்டுவதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. பெண்கள் கூடைகளைத் தேடிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார்கள்.

அன்று பின்னேரம் வேலை முடிந்து, மறுபடி லயத்து வாசலில் பேச்சு நடந்தது. பெரியம்மா அதிகம் பேசவில்லை. கூட்டங்களில் வாயே திறக்காத அம்மா அன்று எழுந்து நின்று, கடைசிக் காம்பராப் பிள்ளையையும் வரிசையில் சேர்க்க வேண்டும், அந்த வீட்டு முறையைத் தானே சேர்த்துப் போகிறேன் என்று சொன்னார். வேலைக்குப் புறப்பட்டு நின்ற வாச்சர் மாமாவிடம் போய், கும்பிடுவது போலக் கையைக் கொண்டுபோனார்.

"இனிமே நீங்க அலைய வேணாண்ணே. ராத்திரி பூரா முழிச்சிட்டு அவ்வளவு தூரம் எதுக்கு நடக்குறீங்க? வந்தா நேரா படுங்க. ஒங்க புள்ள எங்க புள்ளைங்களோட வரும்."

எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பெரிய ஒதவிங்க" என்று சொல்லிவிட்டு, மகளைப் பார்க்காமல், தொழிற்சாலைப் பாதையில் இறங்கினார்.

நான் கொப்பியை எடுத்து, பழைய கோட்டை அழித்துவிட்டு, பதினெட்டு என்று போட்டு அவள் பெயரை எழுதினேன். மற்றப் பெயர்களைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன். என் பொய் அந்த எழுத்தோடு தீர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. வெளியே நின்றவளை உள்ளே சேர்த்தாகிவிட்டது. இதற்கு மேல் ஒரு பொய்யால் யாருக்கு என்ன குறை என்று நினைத்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன். தம்பி, வாச்சர் மாமா தன்னைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது வழியெல்லாம் கதை சொன்னார் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மலைக்கு அந்தப் பக்கம் பறந்துபோன ஒரு தேயிலைச் செடியின் கதையாம். பாதிதான் சொன்னாராம். இது பாப்பாவின் கதை, தினம் கொஞ்சம்தான் சொல்வது, மீதி நாளைக்கு என்று நிறுத்திவிட்டாராம்.

தம்பிக்குக் கால் தேறப் பத்து நாளாயிற்று. அந்தப் பத்து நாளும் கடைசிக் காம்பராப் பிள்ளை எனக்கு நேர் முன்னால் நடந்தாள். நல்ல பிள்ளை. பேசமாட்டாள், தள்ளமாட்டாள். ஒரே ஒரு பழக்கம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வளைவு திரும்பியதும் நின்று, எனக்குப் பின்னால் இருக்கும் பாதையைப் பார்ப்பாள். அவள் நின்றால் நானும் நிற்க வேண்டும். வரிசை நீளும், இடைவெளி விழும். யாரும் வரவில்லை, முன்னால் பார்த்து நட என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். சரிங்க அக்கா என்பாள். அடுத்த வளைவில் மறுபடி நிற்பாள்.

பதினோராம் நாள் தம்பி வரிசைக்கு வந்தான். வந்ததும் என் பக்கத்தில் நொண்டிக்கொண்டு நடந்து, அந்தப் பிள்ளையின் பையைப் பிடித்து இழுத்தான்.

"அந்தச் செடி அப்பறம் எங்க போச்சு?"

"தெரியாது" என்றாள்.

"மாமா சொல்லலியா?"

"நடந்து வாரப்பதான் சொல்வாரு. இப்ப எப்பிடி சொல்வாரு? நான் பள்ளிக்கூடம் விட்டு வாரப்ப தூங்குவாரு. எந்திரிச்சா சோறாக்கிட்டு வேலைக்கு ஓடிருவாரு."

அவள் அழவில்லை. யாரையும் குறை சொல்லவும் இல்லை. சொல்லிவிட்டு, மழை விட்டுத் தெளிந்திருந்த பாதையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வளைவு வரைக்கும் நன்றாகத் தெரிந்தது. ஒருவரும் இல்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பட்டியலில் பெயர் இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் துணை இருக்கிறது. அம்மா அவளுக்காக இரண்டு முறை நடக்கிறார். இதைவிட ஒரு பிள்ளைக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, விழுந்திருந்த இடைவெளியை மூட அவளைச் சீக்கிரம் நடக்கச் சொன்னேன். அவள் ஓடிப்போய் முன்னால் இருந்தவரோடு சேர்ந்துகொண்டாள். பாலத்துக்கு முன்னால் எண்ணினேன். பதினெட்டும் சரியாக இருந்தது.